ஏரி நோட்டில் ஒரு பூஜ்யம்

எங்கள் குடியிருப்பின் வரலாற்றை எழுத என்னைப் பிடித்ததற்கு ஒரே காரணம்தான். நான் மறுத்துப் பேச மாட்டேன்.

பிடித்தவர் சங்கத் தலைவர், பல் டாக்டர். பிடித்த இடம் லிஃப்ட். யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்பதால் நான் வழக்கமாகப் படியில்தான் போவேன். அன்று ஒரு கையில் அம்மாவின் மருந்துப் பை, இன்னொரு கையில் தண்ணீர் கேன்.

"நீ சயின்ஸ்தானேம்மா படிச்சே?"

"ஆமா, டாக்டர்."

"அப்ப டேபிள் கீபிள்லாம் போடத் தெரியும். முப்பதாவது வருஷ மலர் போடுறோம். பன்னெண்டு பக்கம். நீ எழுதிடு. அடுத்த வாரம் விட்டு ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. நீயே படிச்சிடு."

"படிக்கணுமா?"

"சத்தமா படிக்கணும். பல்லு தெரியப் படிக்கணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான்காவது மாடி வந்து கதவு திறந்துவிட்டது. நான் சரி சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா ஏரியைப் பார்த்த நாற்காலியில் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்தது. உள்ளே கம்பி இருக்கிறது. பகலில் சமாளித்துக்கொள்வாள். இரவில் தனியாக விடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"உனக்கு எதுக்குடி இந்த வேலை? ஒண்ணாம் தேதி நீ ஊர்லயே இருக்க மாட்டே."

"அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"வாயைத் திறந்து மாட்டேன்னு சொல்றதுக்கு முப்பது வருஷ வரலாறு எழுதிடலாம்னு நெனச்சிட்டே, அப்படித்தானே?"

அம்மா சொன்னது சரி.

ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் ஓர் ஊரில், தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. மூன்று வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்த வேலை. ஒன்றாம் தேதி சேர வேண்டும். எடுத்துப் போக வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த 'ஒரு' என்ற சொல்லைப் பார்ப்பேன்.

அம்மா இந்த ஏரி நாற்காலியை விட்டு எங்கும் வர மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். நான் போக முடிவதற்குக் காரணம் அக்கா. பல் டாக்டர் இருபத்தொரு வருடமாகக் கிளினிக்காக வைத்திருந்த, எங்கள் சி பிளாக்கின் தரைத்தள வீட்டை அவளும் மாமாவும் வாங்கப்போகிறார்கள். பொதுக்குழு முடிந்ததும் அவர் வீட்டில் ஒப்பந்தத்தில் கையெழுத்து. "நான் கீழ, அம்மா மேல. ராத்திரி அம்மாகூட நான். நீ கெளம்பு" என்றாள் அக்கா. அவள் பேச்சே அவ்வளவுதான். அதற்காக மாமா தன் வேலையிடத்துக்குத் தினமும் இரண்டு மணி நேரம் பயணம் செய்ய ஒப்புக்கொண்டிருந்தார்.

சங்க அறையிலிருந்து மறுநாள் இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்தன. பழைய அறிக்கைகள், பத்தாவது ஆண்டில் அச்சிட்ட ஒரு துண்டு மலர், ஆறு ஏரி நோட்டுகள்.

ஏரி நோட்டு எங்கள் குடியிருப்பின் வழக்கம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில், ஏரிக்குள் இறங்கும் படிக்கட்டில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து ஓர் எண்ணை எழுதுவார்கள். தேதி, எண், கையெழுத்து. முப்பது வருடமும் விடவில்லை. முதல் எட்டு ஆண்டுகள் எழுதியவர் முதல் செயலாளர். சின்னப் படகு ஒன்று வைத்திருந்தாராம், அதனால் படகுக்காரர் என்று பெயர். எட்டாம் ஆண்டு வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒன்பதாம் ஆண்டிலிருந்து எழுதுபவர் தண்ணீர் மோட்டார் பார்க்கும் ஊழியர். எல்லோருக்கும் மோட்டார் அண்ணன்.

அந்த நோட்டுகளில் எல்லோருக்கும் தெரிந்த எண் ஒன்றுதான். மூன்றாம் ஆண்டில் எழுதிய பூஜ்யம்.

ஏரி வற்றிய ஆண்டு அது. பத்தாவது ஆண்டு மலரில் பல் டாக்டர் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். பொதுக்கூடத்தின் பின்சுவரில் அதைப் படமாகவும் வரைந்திருக்கிறார்கள். வெடித்த மண், குடம் தூக்கிய பெண்கள், தண்ணீர் லாரி, அதன் குழாயைப் பிடித்திருக்கும் ஒரு மனிதர். அந்த மனிதருக்கு டாக்டரின் மூக்கு. அவர் குடிவந்தது ஒன்பதாம் ஆண்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஏ பிளாக் டீச்சர் நடுவில் குடத்தோடு நிற்பது தான்தான் என்று சொல்வார். வறட்சியைப் பார்த்தவர் என்று சொல்லிக்கொள்ள இங்கே ஆளுக்குக் குறைவில்லை.

மூன்றாம் ஆண்டில் மேட்டில் இருக்கும் ஏ பிளாக்கில் மட்டும் பதினொரு குடும்பங்கள். சி பிளாக் கட்டி முடித்துப் பூட்டிக் கிடந்தது. அந்தப் பதினொரு குடும்பங்களில் இன்று ஒன்றும் இங்கே இல்லை.

வியாழக்கிழமை அக்கா குழந்தையோடு வந்தாள். திரைச்சீலைக்கு அளவெடுக்க வேண்டுமாம். டாக்டரிடம் சாவி வாங்கிக்கொண்டு நானும் உடன் போனேன். கிளினிக்கின் நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள். தரையில் அது நின்ற இடத்தில் நான்கு ஓட்டைகள். ஜன்னலுக்கு வெளியே பத்தடி புல், அதன்பின் படிக்கட்டு, அதன்பின் தண்ணீர்.

ஒன்றரை வயதுக் குழந்தை நேராகச் சுவரைப் பார்த்து நடந்தது. அதற்கு ஓட்டை எங்கே இருந்தாலும் விரலை விட வேண்டும். சுவரைத் தடவிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. இன்னொரு சுவருக்குப் போனது.

"பாத்தியா?" என்றாள் அக்கா. "பிளக் பாயிண்ட் எல்லாம் என் நெஞ்சு உயரத்துல. எல்லா ரூம்லயும். இவனுக்குன்னே கட்டின மாதிரி. நான் இந்த வீட்டை எடுத்ததே இதுக்காகத்தான்."

"நம்ம வீட்டுல கீழதானே இருக்கு?"

"அது மேல் மாடி. இங்க யோசிச்சுக் கட்டியிருக்கான். பொறாமைப்படாதே, இந்த முனையைப் பிடி."

நான் அளவு நாடாவின் முனையைப் பிடித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை நோட்டில் இருந்த எண்களை எல்லாம் கணினியில் ஏற்றினேன். முந்நூற்று ஐம்பத்து நான்கு எண்கள். மலரில் ஒரு வரைபடம் போட்டால் இரண்டு பக்கத்தை நிரப்பிவிடலாம் என்பதுதான் என் திட்டம். கோடு வந்தது. எட்டாம் ஆண்டு முடியும் இடத்தில் ஏதோ இடித்தது.

ஒன்பதாம் ஆண்டிலிருந்து மழை மாதங்களில் எண் ஏறுகிறது, வெயில் மாதங்களில் இறங்குகிறது. அது சரி. முதல் எட்டு ஆண்டுகளில் தலைகீழ். மழையில் நான்கு, ஐந்து. வெயிலில் பதினாறு, பதினேழு. எட்டு வருடமும் அப்படியே. ஓர் ஏரி மழையில் வற்றி வெயிலில் நிறையாது.

மாதத்தை மாற்றி ஏற்றிவிட்டேன் என்று நினைத்தேன். நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஏற்றியதில் பிழை இல்லை. மூன்றாம் ஆண்டின் வரிசையை விரலால் தொட்டுப் படித்தேன். ஒன்பது, ஐந்து, இரண்டு, பூஜ்யம், ஒன்று, நான்கு, ஏழு. பூஜ்யம் விழுந்தது நல்ல மழை மாதத்தில்.

உட்கார முடியவில்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் மூன்று மணி. நான் படி இறங்கி ஏரிக்குப் போனேன்.

மோட்டார் அண்ணன் படிக்கட்டின் மேல் விளிம்பில் உட்கார்ந்து குழாய்க்குச் சணல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் தானாகப் போய்ப் பேசியதில் அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

"அண்ணா, நீங்க படியை எப்படி எண்ணுவீங்க?"

"எப்படின்னா? மொத்தம் இருபத்து நாலு. இப்ப நாலு தெரியுது. அப்ப இருவது முங்கியிருக்கு. இருவதுன்னு எழுதுவேன். எனக்கு வேண்டியது தண்ணிதானே."

"முன்னாடி படகுக்காரர் எப்படி எண்ணினார்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் வேலைக்கு வந்தப்ப அவர் போயிட்டார். நோட்டு இருந்துச்சு. கோடு போட்டிருந்துச்சு, நம்பர் போட்டிருந்துச்சு. நானும் நம்பர் போட்டேன்." என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, எதாவது தப்பா?"

"இல்லண்ணா. நீங்க எழுதினது சரி."

அதுதான் உண்மை. இரண்டு பேரும் சரியாகவே எழுதியிருந்தார்கள். படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏற வேண்டியவர் தெரியும் படிகளை எண்ணினார். தண்ணீரை மேலே ஏற்ற வேண்டியவர் முங்கிய படிகளை எண்ணினார். எப்படி எண்ணினேன் என்று இருவருமே எழுதி வைக்கவில்லை.

மேலே வந்து முதல் எட்டு ஆண்டுகளின் ஒவ்வொரு எண்ணையும் இருபத்து நாலிலிருந்து கழித்தேன். கோடு எட்டிலிருந்து ஒன்பதுக்கு இடிக்காமல் போயிற்று. பூஜ்யம் இருபத்து நாலாகி வரைபடத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது. முப்பது வருடத்தில் அதுதான் உயரம். அதற்கு மேலே தண்ணீர் எவ்வளவு போனது என்று அந்த நோட்டால் சொல்ல முடியாது. எல்லாப் படியும் மறைந்த பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

மேல் படிக்கும் சி பிளாக் தரைக்கும் ஒரு சாண்தான் வித்தியாசம்.

பிளக் பாயிண்ட் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எலக்ட்ரீஷியன் குடியிருப்பு கட்டிய காலத்திலிருந்து இங்கே வேலை செய்பவர். அப்போது பில்டரிடம் இருந்தார், இப்போது சங்கத்திடம். சனிக்கிழமை காலை பி பிளாக் மாடிப்படி விளக்கை மாற்றிக்கொண்டிருந்தார். ஏணிக்குக் கீழே நின்றேன். கேள்வியை வீட்டிலேயே நான்கு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"அண்ணா, சி பிளாக் தரைத்தளத்துல மட்டும் பாயிண்ட் ஏன் மேல இருக்கு?"

"குழந்தைங்க கை வைக்காம இருக்க." கீழே பார்க்காமலே சொன்னார்.

"மேல் மாடியிலயும் குழந்தைங்க இருக்காங்களே."

அவர் பல்பைத் திருகுவதை நிறுத்தினார். "இருபத்தேழு வருஷத்துல இந்த ரெண்டாவது கேள்வியை யாரும் கேட்டதில்ல" என்றார். இறங்கிவந்து ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

"முட்டி வரைக்கும் இருந்துச்சும்மா. மூணு நாள். வீடெல்லாம் காலி, பூட்டு போட்டது. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. வயர் பூரா போச்சு. மறுபடியும் இழுக்கறப்ப எல்லாத்தையும் மேல ஏத்துன்னார் பில்டர். யாராவது கேட்டா குழந்தைன்னு சொல்லுன்னார். சொன்னேன். அப்புறம் பெயிண்ட் அடிச்சு வித்துட்டார்."

"கூடத்துல அந்தப் படம் வரைஞ்சப்ப நீங்க இருந்தீங்கல்ல?"

"லைட்டு பிடிச்சதே நான்தான்."

"ஒண்ணும் சொல்லலயா?"

"எல்லாரும் வறட்சின்னு அழகா பேசிட்டிருக்காங்க. நான் போயி நனைக்கணுமா?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "உங்கக்கா சி பிளாக்குதானே எடுக்குது?"

தலையாட்டினேன்.

"எனக்குத் தெரியும். சொல்லலாமா வேணாமான்னு ஒரு மாசமா இந்த ஏணியைத் தூக்கிட்டு அலையறேன்."

அடுத்த ஆறு நாட்கள் நான் சரியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை. வரவேற்பறையிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து பால்கனிக்கும் நடந்தேன். "கால்ல சக்கரம் கட்டியிருக்கியா? எனக்குத் தலை சுத்துது" என்றாள் அம்மா. அக்காவுக்கு மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை குழந்தைக்குச் சளி என்றாள். இரண்டாம் முறை திரைச்சீலை நீலமா பச்சையா என்று கேட்டாள், பச்சை என்றேன். மூன்றாம் முறை அவளே "உனக்கு ரயில் டிக்கெட் போட்டாச்சா?" என்றாள். போட்டாச்சு என்றேன். வைத்துவிட்டேன்.

எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு முறை. மூன்று நாள். முழங்கால் அளவு. ஓர் ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முப்பது வருடத்தில் வராமலே போகலாம். டாக்டர் இருபத்தொரு வருடம் அங்கே பல் பிடுங்கியிருக்கிறார். இப்படி யோசிக்கும்போது மனம் லேசாகும். உடனே வரைபடத்தின் கடைசிப் பகுதி கண்ணில் வரும். மூன்று வருடத்துக்கு முன் மழைக்கால உச்சம் பத்தொன்பது. அடுத்த வருடம் இருபது. போன வருடம் இருபத்தொன்று. எதிர்க்கரையில் சதுப்பு நிலத்தை மூடிப் புதிய கட்டடங்கள் வருகின்றன. இந்த வருடம் மழை இன்னும் முழுதாக ஆரம்பிக்கவில்லை, அதற்குள் இருபது.

மூன்று புள்ளிகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று கல்லூரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் தரையில் படுத்துத் தூங்கப்போவது ஒன்றரை வயதுக் குழந்தை.

நான்காம் பக்கத்தை ஏழு முறை எழுதினேன். ஒரு முறை, 'மூன்றாம் ஆண்டு ஏரியின் நீர்மட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்பட்டது' என்று எழுதினேன். பொய் இல்லை. அதைப் படித்துப் படித்துப் பார்த்தேன். கூசியது. அழித்தேன். இன்னொரு முறை அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டு, தோட்டம் போட்டதைப் பற்றி எழுதினேன். அதையும் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை அச்சகம் மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோப்பைக் கொடுத்தேன். அச்சகக்காரர் பக்கங்களைத் தள்ளிப் பார்த்து, "திருத்தம் ஏதாவது இருக்கா? ஓட ஆரம்பிச்சா நிறுத்த முடியாது" என்றார்.

"இல்ல. ஓட்டுங்க."

சனிக்கிழமை பெட்டி வந்தது. எண்பது பிரதிகள். கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மதியம் அக்காவும் மாமாவும் குழந்தையும் வந்தார்கள். இரவு அந்தக் கட்டிலில்தான் அக்கா படுத்தாள்.

"காட்டேன், என்ன எழுதியிருக்கேன்னு."

"நாளைக்குப் படிக்கறேன்ல."

"பெரிய ரகசியம்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கீழே பாயில் படுத்திருந்த எனக்கு அந்தப் பெட்டி கையெட்டும் தூரத்தில் இருந்தது.

பொதுக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். எழுபது பேர் இருக்கும். எலக்ட்ரீஷியன் மைக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் முன்வரிசை நடுவில். அக்கா, மாமா, குழந்தை கடைசி வரிசையில், வறட்சிப் படத்துக்குக் கீழே. அம்மா சக்கர நாற்காலியில் அவர்கள் பக்கத்தில். பிரதிகளைப் படித்து முடித்ததும் கொடுக்கலாம் என்றார் டாக்டர், இல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்களாம்.

முதல் பக்கத்தைப் படித்தேன்.

"கேக்கல" என்றது ஒரு குரல்.

எலக்ட்ரீஷியன் வந்து மைக்கை என் வாயருகே இறக்கினார். "மெதுவா, நின்னு படிம்மா" என்றார். எனக்கு மட்டும் கேட்கும்படி.

கட்டிய விதம், முதல் பதினொரு குடும்பங்கள், படகு, ஏரி நோட்டு. மூன்று பக்கமும் முடிந்தன. தாளைத் திருப்பினேன். அடுத்த வரிகளை நிமிராமல் படித்தேன்.

"மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் ஏரி நோட்டில் பூஜ்யம் என்று எழுதப்பட்டுள்ளது. நாம் இதுவரை அதை வறட்சி என்று நினைத்து வந்திருக்கிறோம். அது தவறு. முதல் எட்டு ஆண்டுகள் நோட்டில் எழுதியது தண்ணீருக்கு வெளியே தெரிந்த படிகளின் எண்ணிக்கை. பூஜ்யம் என்றால் ஒரு படியும் தெரியவில்லை. அன்று சி பிளாக் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்து மூன்று நாள் நின்றது. அதன் பிறகே அங்கு மின் இணைப்புகள் உயர்த்தப்பட்டன."

நான் நிமிர்ந்தேன். எல்லோரும் திரும்பிப் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அந்தப் படம்?" என்றார் ஒருவர்.

"குடத்தோட நிக்கிறது நான்தானே" என்றார் ஏ பிளாக் டீச்சர்.

"டீச்சர், நீங்க குடி வந்ததே பதினோராவது வருஷம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். பல் டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"எங்கேருந்தும்மா பிடிச்சே இதை? யார் சொன்னா?"

மேஜையில் வைத்திருந்த ஏரி நோட்டுகளைக் கையால் காட்டினேன்.

மைக் வயரைப் பிடித்திருந்த எலக்ட்ரீஷியன், "நான் சொன்னேன் டாக்டர்" என்றார். "அந்த பாயிண்டெல்லாம் நான்தான் மேல ஏத்தினேன். தண்ணி நின்ன கோட்டுக்கு மேல ரெண்டு அடி விட்டு."

"நான் அங்க இருபத்தோரு வருஷம் உக்காந்து பல்லு புடுங்கியிருக்கேன். ஒரு சொட்டு வரல."

அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வரல, டாக்டர்" என்றேன். "இனிமே வரும்னு நான் எழுதல. வராதுன்னும் எழுத முடியல."

மைக்கில் என் குரல் பெரிதாகக் கேட்டது. டாக்டர் பின்சுவர்ப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அந்த மலர் எழுதினப்ப எனக்கு நாப்பத்திரெண்டு வயசு" என்றார், யாரிடமும் அல்லாமல். "ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்." உட்கார்ந்துவிட்டார். அவர் எதையும் மறைக்கவில்லை என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடைசி வரிசையில் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

மீதி எட்டுப் பக்கங்களையும் படித்தேன். யாரும் கேட்கவில்லை.

சி பிளாக் மாடிப்படி முதல் திருப்பத்தில் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"நேத்து ராத்திரி முழுக்க உன் கட்டில்ல படுத்திருந்தேன்."

"தெரியும்."

"என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல? எழுபது பேர் முன்னாடி மைக்கு வச்சுத்தான் சொல்லணுமா? லிஃப்டுல ஒருத்தர்கிட்ட பேச மாட்டே நீ."

"தனியா சொல்லணும்னா தள்ளிப்போட்டுட்டே இருந்திருப்பேன். நீ கையெழுத்து போடற வரைக்கும் தள்ளிப்போட்டிருப்பேன்."

"ஏன்?"

"நீ வாங்கினாத்தான் நான் போக முடியும்."

குழந்தை அக்காவின் காதுத் துளையில் விரலை விட்டுப் பார்த்தது.

"எத்தனை நாளா தெரியும்?"

"எட்டு நாள்."

"திரைச்சீலை பச்சைன்னு சொன்னப்ப?"

"அப்பவும் தெரியும்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். கீழிருந்து ஏறிவந்த மாமா எங்கள் இருவரையும் பார்த்தார். "நல்லவேளை, சோபாவுக்கு இன்னும் ஆர்டர் குடுக்கல" என்றார். யாரும் சிரிக்காததால் மேலே ஏறிப் போய்விட்டார்.

கையெழுத்து நடக்கவில்லை. அன்று மாலையே அவர்கள் பஸ் ஏறினார்கள். போகும்போது அக்கா அம்மாவிடம், "வாரத்துல ரெண்டு நாள் நான் வந்து இருக்கேன், மீதி நாளுக்கு ஆள் பாக்கலாம்" என்றாள். நான், "வேலையை ஒரு வருஷம் தள்ளிக் கேக்கறேன்" என்றேன். தள்ளித் தர மாட்டார்கள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னை நடுவுல வச்சு ரெண்டு பேரும் கேரம் ஆடாதீங்க" என்றாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அம்மா அதிகம் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடமாக அவள் பார்க்கும் ஏரி. அப்பா இருந்தபோது அவர் நாற்காலியும் பக்கத்தில் இருந்தது. நான் ரயில் டிக்கெட்டை ரத்து செய்யும் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன். அலமாரியைத் திறக்கவே இல்லை.

புதன்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள். "அந்த ஊர்ல வீடு எத்தனாவது மாடி?"

"வீடு இல்லம்மா. ஒரு ரூம். பாக்கணும்."

"லிஃப்ட் இருக்கற இடமா பாரு. இல்லேன்னா தரைத்தளம்."

நான் மடிப்பதை நிறுத்தினேன்.

"பக்கத்துல ஏரி கீரி இல்லாம பாரு" என்றாள். "எனக்கு ஜன்னல்ல ரோடு தெரிஞ்சாப் போதும். ஆளாவது நடமாடும்."

"நீ இந்த நாற்காலியை விட்டு வர மாட்டேன்னு சொன்னியே."

"நாற்காலியையும் எடுத்துக்கலாம். உன் வரலாற்றைப் படிச்சதுலேருந்து அங்க உக்காந்தா படியைத்தான் எண்ணிட்டிருக்கேன். நிம்மதியே போச்சு. என்ன, முகம் ஏன் அப்படிப் போவுது?"

"ஒண்ணும் இல்ல."

"தனியா இருக்கணும்னு ஆசைப்பட்டிருப்பே."

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் பாத்துக்கலாம் அதை" என்றாள் அம்மா. "முதல்ல டிக்கெட்டைப் போடு. எனக்குக் கீழ் பெர்த்."

அலமாரியைத் திறந்தேன். பட்டியலில் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த 'ஒரு' என்பதை அடித்து 'இரண்டு' என்று எழுதினேன். டம்ளருக்கும் தலையணைக்கும் அப்படியே. எழுத்து கோணலாக வந்தது. அது கோபமா நிம்மதியா என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பால்கனிக்குப் போனேன். கீழே மோட்டார் அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் தலைப்பில் நின்றிருந்தார். அன்று முதல் ஞாயிறு இல்லை. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து மூன்று விரல்களைக் காட்டினார்.

தெரியும் படியா, முங்கிய படியா என்று இந்த முறை கேட்க வேண்டியிருக்கவில்லை.